ஏப்ரல் ஒன்றாம் தேதி கெல்வின் யார்?

1

இந்தக் கதை ஒரு பயிற்சித் தாளில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு தெரியவந்தால் ஏமாற்றியது போலாகிவிடும்.

ஆஸ்திரேலியாவில், பல்லாரட் ஊரில் செவ்வாய்க்கிழமை தோறும் மாலை ஆறரை மணிக்குச் சமூகக் கூடத்தின் பின்னறையில் கணக்கும் வரியும் சொல்லித்தரும் வகுப்பு ஒன்று நடக்கிறது. நான் சேர்ந்து பத்து வாரம் ஆகிறது. ஏப்ரல் 9 அன்று கொடுத்த தாளில் ஏழாவது கேள்வி இது:

"'அ' என்பவர் மார்ச் 31 வரை சுயதொழில் செய்துவந்தார். ஏப்ரல் 1 முதல் ஒரு நிறுவனத்தில் நிரந்தர ஊழியர். வரி தொடர்பாக அவர் செய்யவேண்டியவை யாவை? (8 மதிப்பெண்)"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அந்த 'அ' நான்தான் வாத்தியாரே. ஆனா தேதி தப்பா போட்டிருக்கே. எனக்கு ஏப்ரல் ரெண்டு."

வாத்தியார் பெயர் ஃபெர்கஸ். இருபத்தொன்பது வயது. "ஏன் ரெண்டு?" என்று கேட்டார்.

"ஒண்ணாந்தேதி ஈஸ்டர் திங்கள்ல? அன்னிக்கி என்னைச் சேத்துக்கிட்டா லீவு நாளுக்குச் சம்பளம் குடுக்கணுமே. அதான் ரெண்டாந்தேதியிலிருந்து நான் அவங்க குடும்பத்துல ஒருத்தன்."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். வகுப்பில் நடந்ததை அன்றன்றே நோட்டில் எழுதிவைப்பது என் வழக்கம். வீட்டுக்குப் போய் இதை எழுதியபோது சிரிப்பு வரவில்லை. மார்ச் 31 வரை சுயதொழில். ஏப்ரல் 2 முதல் ஊழியர். நடுவில் ஒரு நாள் இருக்கிறது. அந்த நாளில் இந்த மனிதர் யார்?

கதை அங்கே தொடங்கியது. அல்லது கோபம். இரண்டையும் இன்னும் என்னால் பிரிக்க முடியவில்லை.

[அந்தப் பின்வரிசைக்காரரை இனி கெல்வின் ட்ரெலோர் என்பேன். அது உண்மைப் பெயர் அல்ல. எந்தப் பெயர் வைக்கட்டும் என்று அவரையே கேட்டேன். "ஸ்கூல்ல என்னை அடிச்சவன் பேரு கெல்வின். கதையில ஏதாவது வம்பு வந்தா அவனுக்கு வரட்டும்" என்றார்.]

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: "ஈஸ்டர் திங்கள் காலையில் கெல்வின் தன் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். குழாயிலிருந்து வந்த தண்ணீரில் ஒரு சிறு வானவில்—" இங்கே நிறுத்திவிட்டேன். அன்று காலை நான் அங்கே இல்லை. வானவில்லை நான்தான் கொண்டுவந்து வைத்தேன். நாற்பத்தேழு வயதுக்காரரை 'அவன்' என்று எழுதவும் கை வரவில்லை.

இரண்டாவது: "தொழில் என்பது லாப நோக்கத்துடன், தன் பொறுப்பில், தன் விருப்பப்படி ஒருவர் தொடர்ந்து செய்யும்—" இது வகுப்புக் குறிப்பு. கதை இல்லை. ஆனாலும் இதை அடிக்கவில்லை. 'தன் விருப்பப்படி' என்ற சொல் பின்னால் தேவைப்படும்.

மூன்றாவது: "ஆறு வருடம் ஒன்பது மாதம் முதலாளியாக இருந்த ஒருவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை தொழிலாளியாகச் சேர்ந்தார். அவருடைய சட்டை மாறவில்லை."

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

கராஜ் ஷட்டர் கதவுகளைப் பொருத்துவது கெல்வினின் வேலை. கதவு வரும், தண்டவாளம் வரும், ஸ்பிரிங் வரும். ஸ்பிரிங்கை முறுக்கும்போது ஒரு சுற்று தப்பினால் கை போய்விடும். அவருடைய இடது சுண்டுவிரல் முன்பே பாதி போயிருக்கிறது.

ஆறு வருடம் ஒன்பது மாதமாக ஒரே கம்பெனிக்குத்தான் இந்த வேலை. தினமும் காலை ஆறே முக்காலுக்கு அவர்களுடைய பட்டறைக்குப் போக வேண்டும். எந்த வீடு, எந்தக் கதவு, எத்தனை மணிக்கு என்பதை அவர்கள் சொல்வார்கள். அவர்கள் பெயர் போட்ட நீலச் சட்டையைப் போட்டுக்கொள்ள வேண்டும். அந்தச் சட்டையை அவர்களிடமே காசு கொடுத்து வாங்க வேண்டும். வேலைக்குச் சேரும்போதே, ஏபிஎன் என்கிற தொழில் எண் ஒன்றை வாங்கிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டார்கள். வாங்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து அவர் சொந்தத் தொழில் நடத்துபவர். வாரா வாரம் அவர்களுக்குப் பில் போடுவார். வரியை அவரே எடுத்துவைத்து அவரே கட்டுவார். ஓய்வுநிதிக்கு அவர்கள் ஒரு காசு போட மாட்டார்கள். உடம்புக்கு முடியவில்லை என்றால் அன்று வருமானம் இல்லை.

ஏப்ரல் 2, செவ்வாய். பட்டறையின் மேல்மாடி அறையில் தேநீரும் ஒரு தட்டு லாமிங்டன் கேக்கும். அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் டீகன் ஒரு புதுச் சட்டையை நீட்டினாள். அதே நீலம், அதே பெயர்.

"வாங்க கெல், எங்க குடும்பத்துக்கு நல்வரவு!"

"ஆறே முக்கா வருஷமா எங்கம்மா இருந்தேன்? வாசல்லயா?"

"அய்யோ, அப்படிச் சொல்லாதீங்க. சட்டை ஃப்ரீ இந்தத் தடவை."

"இதே மாதிரிச் சட்டை வீட்டுல ஒன்பது கிடக்கு. காசு குடுத்து வாங்கினது."

"அப்போ பத்தாச்சு," என்று டீகன் சிரித்தாள். கெட்டவள் இல்லை. (முதல் வரைவில் அவளைக் கெட்டவளாக எழுதியிருந்தேன். கோபத்தில் எழுதினால் அப்படித்தான் வருகிறது. அவள் லாமிங்டனைத் தன் கையாலேயே செய்து கொண்டுவந்திருந்தாள் என்று கெல்வின் சொன்னதும் திருத்திவிட்டேன்.)

பிறகு ஒரு படிவம் கொடுத்தாள். புதிதாக வேலையில் சேரும் எல்லோரும் நிரப்புவது. சம்பளத்திலிருந்து எவ்வளவு வரி பிடிக்கவேண்டும் என்று கம்பெனிக்குச் சொல்லும் படிவம். அதில் ஒரு கேள்வி: வரியில்லா வரம்பை இந்த முதலாளியிடம் கோருகிறீர்களா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

கெல்வின் 'இல்லை' கட்டத்தில் டிக் போட்டார்.

4

ஏப்ரல் 16 அன்று முதல் சம்பளச் சீட்டு வந்தது. அன்று மாலை அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வகுப்புக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது. இடைவேளைவரைகூடப் பொறுக்கவில்லை.

"இதப் பாரு வாத்தியாரே. பில் போட்டப்போ கைக்கு வந்ததைவிடக் கம்மி. நிரந்தரம்னாங்க. எனக்கு நஷ்டம்தான் நிரந்தரம் போல. அது போதாதுன்னு வரி ஆபீஸ்லயிருந்து முன்வரித் தவணை நோட்டீஸ் வேற. ஒரே சட்டைப் பையில ரெண்டு கை!"

ஃபெர்கஸ் சீட்டைப் பார்த்தார். நோட்டீஸையும் பார்த்தார். நிதானமாகவே சொன்னார். "இந்த நோட்டீஸ் சரிதான் கெல்வின். ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்குமானது. அப்போ நீங்க பில் போட்டுச் சம்பாதிச்சீங்க. இத கட்டணும். அடுத்ததும் வரும், ஏன்னா நீங்க தொழில நிறுத்தினது அவங்களுக்குத் தெரியாது. தொழில் வருமானம் இல்லேன்னா அதுல பூஜ்யம்னு மாத்திப் போட்டு அனுப்பிடலாம். அது பரவால்ல. ஆனா இந்தச் சீட்டுல இது என்ன? வரியில்லா வரம்பு இல்லாம பிடிச்சிருக்காங்க. படிவத்துல என்ன போட்டீங்க?"

"இல்லைன்னு."

"ஏன்?"

"ஒரு சமயத்துல ஒரு முதலாளிகிட்டதான் கேக்கலாம்னு அதுல போட்டிருக்கு. ரெண்டு பேர்கிட்ட கேட்டா தப்பாம். நான்தான் இன்னொரு முதலாளிகிட்ட ஏற்கெனவே வாங்கிட்டேனே."

"எந்த முதலாளி?"

கெல்வின் அவரை ஒரு மாதிரி பார்த்தார், இதுகூடத் தெரியாதா என்பதுபோல. "நான்தான்."

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு நான் நேரடியாகப் பேசவேண்டும். வருடத்துக்குப் பதினெட்டாயிரத்து இருநூறு டாலர்வரை இந்த நாட்டில் வரி இல்லை. அது மனிதருக்கு உள்ள சலுகை. முதலாளி யாராக இருந்தாலும் அது அவரோடு போகும். வேறு சம்பளம் இல்லாதவர் 'ஆம்' என்று போடலாம். சுயதொழிலிலிருந்து சம்பளத்துக்கு மாறுபவர் தாராளமாகப் போடலாம். அவருக்கு வேறு முதலாளி கிடையாது. கெல்வின் ஒரு விதியைத் தவறாகப் படித்தார், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அப்படிச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. உனக்கு நீதான் முதலாளி, உனக்கு நீதான் முதலாளி என்று ஆறே முக்கால் வருடம் ஒரு மனிதரின் காதில் ஓதியிருக்கிறார்கள். விடுப்புக் கேட்டபோது ஓதினார்கள். ஓய்வுநிதி கேட்டபோது ஓதினார்கள். அவர் நம்பிவிட்டார். அரசாங்கப் படிவத்தில், பேனாவால், தன்னைத் தன்னுடைய முதலாளி என்று எழுதிக் கூடுதல் வரியும் கட்டிவிட்டார். பொய்யை அவிழ்த்துவிட்டவர்கள் யாரும் அதற்கு ஒரு காசு கட்டவில்லை. நம்பியவர் கட்டினார்.

"புதுப் படிவம் குடுங்க, 'ஆம்'னு," என்றார் ஃபெர்கஸ். "அதிகமாப் பிடிச்சது வருஷக் கடைசிக் கணக்குல திரும்பி வந்துடும்."

"வரும்ல?"

"வரும்."

கெல்வின் சீட்டை மடித்தார். பிறகு சட்டென்று நிமிர்ந்தார். "ஆமா, உனக்கு இங்க யாரு வாத்தியாரே சம்பளம் குடுக்கறாங்க?"

ஃபெர்கஸ் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நான்... பில் போடறேன்."

அப்போதுதான் எல்லோரும் சிரித்தோம். அதிகம் சிரித்தவர் ஃபெர்கஸ். அது எனக்குப் பிடிக்கவில்லை.

5

கதாபாத்திரத்தை நம்பலாமா?

இப்படிக் கேட்டுக்கொள்ளாமல் எழுத எனக்குத் தெரியாது. நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டேன். இடப்பக்கம் 'கெல்வின் முதலாளி' என்பதற்கு ஆதாரம், வலப்பக்கம் 'கெல்வின் தொழிலாளி' என்பதற்கு ஆதாரம்.

இடப்பக்கமும் காலியாக இல்லை. பின்னால் சாமான் ஏற்றும் யூட் வண்டி அவருடையது. பெட்ரோல், டயர், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் தொழில் செலவாகக் கழித்திருக்கிறார். கருவிகளும் அவருடையவை. நண்பர்கள் கூடி இறைச்சி சுடும் இடங்களில், கையில் பீர் பாட்டிலோடு, "எனக்கு நான்தான் பாஸ்" என்று அவரே சொல்லியிருக்கிறார். இதை நான் கேட்டபோது மழுப்பவில்லை. "சொல்லிக்க நல்லாத்தான் இருந்துச்சு நோட்டு," என்றார். (எனக்கு அவர் வைத்த பெயர் 'நோட்டு'.)

அப்புறம் சனிக்கிழமைகள். சனிக்கிழமையில் கம்பெனி வேலை கிடையாது. தெருவில் யார் வீட்டு ஷட்டராவது சிக்கிக்கொண்டால் கெல்வின் போய்ச் சரிசெய்வார். விலை அவர் சொல்வதுதான். பிடித்தால் போவார், பிடிக்காவிட்டால் போகமாட்டார். நீலச் சட்டை போடமாட்டார். அந்தப் பில்லும் அதே தொழில் எண்ணில்தான் போகும், வரியும் கட்டியிருக்கிறார். அப்படியென்றால் அவர் சொந்தத் தொழில் நடத்தினார் என்பது முழுப் பொய் இல்லை. எழுதிக்கொண்டிருந்த கோபக் கதையில் ஓட்டை விழுந்தது. இரண்டு நாள் நோட்டைத் திறக்கவே இல்லை.

வலப்பக்கத்தில் ஒரே ஒரு நாளை எழுதுகிறேன். அது போதும்.

மூன்று வருடத்துக்கு முன் கெல்வினின் அப்பா இறந்தார். அடக்கத்தன்று விடுப்பு வேண்டும் என்று பட்டறைக்குப் போன் செய்தார். டீகனுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் சொன்னார்: "உனக்கு நீதானே முதலாளி கெல்? எங்ககிட்ட எதுக்கு லீவு கேக்குற? தாராளமா எடுத்துக்கோ. ஆனா வெண்டூரீல அந்த வீட்டுக்குப் பதினோரு மணி ஷட்டர் மட்டும் ஏறிடணும்."

வேறொரு பொருத்துநரைப் பிடித்து, தன் கைக்காசில் கூலி கொடுத்து, கெல்வின் அனுப்பினார். பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது பையில் போன் அதிர்ந்தது. 'ஸ்பிரிங் எத்தனை சுற்று?' என்று அந்த ஆள் கேட்டிருந்தார். தப்பினால் அவருடைய கை போய்விடும். கெல்வின் குனிந்து பதில் அனுப்பினார். 'ஏழரை.'

நிமிர்ந்தபோது பெட்டி உள்ளே போய்விட்டிருந்தது.

'தன் விருப்பப்படி' என்ற சொல்லை வைத்திருந்தேன் அல்லவா? அதை இங்கே எழுதி வட்டம் போட்டேன்.

6

ஏப்ரல் 22, திங்கள். டீகன் ஒரு கடிதத்தை மேசையில் வைத்தாள்.

"இது ஒண்ணு விட்டுப்போச்சு கெல். வெறும் ஃபார்மாலிட்டி. தலைமை ஆபீஸ் கேக்குது. வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க. அப்புறம், உங்க தொழில் எண்ணையும் ரத்து பண்ணணும். தொழில் நின்னு இருபத்தெட்டு நாளுக்குள்ள பண்ணணுமாம்."

கடிதம் மூன்றே வரி. கெல்வின் மறுநாள் வகுப்பு இடைவேளையில் காட்டினார். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்:

"ஜூலை 1 முதல், ஆறு ஆண்டு ஒன்பது மாத காலம், மார்ச் 31 வரை நான் என் சொந்தத் தொழிலை நடத்தினேன். அக்காலத்தில் நான் நிறுவனத்தின் ஊழியனாக இருக்கவில்லை. அக்காலத்துக்காக நிறுவனத்திடம் எனக்கு எந்த உரிமையும் இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன்."

எங்கள் மாநிலத்தில் ஒரே இடத்தில் ஏழு வருடம் வேலை பார்த்தவருக்குச் சம்பளத்தோடு நீண்ட விடுப்பு உண்டு. ஏறக்குறைய ஆறு வாரம். ஜூலை 1 வந்தால் கெல்வினுக்கு ஏழு வருடம். கையெழுத்துப் போட்டால், ஏழு வருடம் ஆக இன்னும் ஏழு வருடம்.

அந்த ஆறு வாரம் எதற்கு என்பதையும் சொல்லவேண்டும், இல்லையென்றால் இது வெறும் கணக்கு. அவருடைய மனைவி நரேல் பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை செய்கிறார். ஆகஸ்டில் தோள்பட்டையில் அறுவை சிகிச்சை. ஆறு வாரத்துக்குக் கையைத் தூக்கக் கூடாது. வீட்டில் வேறு யாரும் இல்லை.

கடிதத்தை ஃபெர்கஸிடம் நீட்டினோம். படித்தார். இரண்டு தடவை படித்தார். "நான் வரி மட்டும்தான் சொல்லித் தரேன்," என்றார். கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தபடி, "என்னோட ஒப்பந்தத்துலயும் இதே மாதிரி ஒரு வரி இருக்கு," என்று சொல்லிவிட்டு மற்றவர்களை வகுப்புக்குள் கூப்பிடப் போய்விட்டார்.

7

ஏப்ரல் 25, வியாழன், போர் நினைவு நாள். கெல்வினின் வாழ்க்கையில் சம்பளத்தோடு வந்த முதல் பொது விடுமுறை. அதைச் சமையலறை மேசையில் அந்தக் கடிதத்துக்கு எதிரே உட்கார்ந்து செலவழித்தார்.

(நான் அங்கேயும் இல்லை. ஆனால் இருவரும் தனித்தனியே என்னிடம் சொன்னது ஒன்றுபோலவே இருந்தது. அதனால் எழுதுகிறேன்.)

"போட்டுடு கெல்," என்றார் நரேல். "முதல் ஆறு மாசம் சும்மாவே வீட்டுக்குப் போன்னு சொல்லலாம் அவங்க. இப்போ முறைச்சா வேலையும் போகும், லீவும் போகும்."

"போட்டா உன்னை யாரு பாத்துக்கிறது?"

"ஆறு வாரம் உன் சமையல சாப்பிட்டா எனக்குத் தோள் மட்டுமா போகும்? அக்கா வீட்டுக்குப் போறேன்."

"உங்க அக்காவோட நீ ஆறு மணி நேரம் இருந்ததில்ல."

"அது சரி."

"அப்பா அடக்கத்தன்னிக்கி நான் யாரு நரேல்? சொந்தத் தொழில் நடத்தினவனா?"

நரேல் எழுந்தார். கெட்டிலைப் போட்டார்.

அன்று மாலை நான் என் அறையில் இந்தக் கதைக்கு மூன்று முடிவுகள் எழுதிவைத்தேன்.

முடிவு ஒன்றில் கெல்வின் கையெழுத்துப் போடுகிறார். திங்கட்கிழமை வேலைக்குப் போகிறார். ஆகஸ்டில் நரேல் அக்கா வீட்டில். இது நடக்கக்கூடியது. எழுதி முடித்ததும் பேனாவை எறிந்தேன்.

முடிவு இரண்டில் கடிதத்தைக் கிழித்து டீகனின் மேசையில் போட்டுவிட்டு, நீலச் சட்டையைக் கழற்றி— கெல்வினிடம் போனில் வாசித்துக் காட்டினேன். "சட்டையக் கழட்டிட்டு? வெறும் உடம்போட வீட்டுக்கு வரவா? இந்தக் குளிர்லயா? வீட்டுக் கடன நீ கட்டுவியா நோட்டு?" என்றார். அடித்துவிட்டேன்.

முடிவு மூன்றில் ஒரு வக்கீல் வருகிறார், வழக்கு, சாட்சிகள், பட்டறைப் பதிவேடு, ஒன்பது நீலச் சட்டைகளை நீதிமன்றத்தில் வரிசையாகத் தொங்கவிட்டு— எனக்கு நீதிமன்றம் தெரியாது. சட்டைகள் நன்றாக வந்தன. மற்றதெல்லாம் பொய்யாக இருந்தது.

எந்த முடிவிலும் சனிக்கிழமைகள் இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை. என் கோபத்துக்கு அவை இடைஞ்சலாக இருந்தன, அதனால் விட்டுவிட்டேன். கெல்வின் விடவில்லை.

8

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அவர் டீகனிடம் கடிதத்தைக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டிருந்தார். டீகன் கோப்பில் வைக்கப்போனவள் நின்றாள்.

முதல் வரியில் இரண்டு சொற்களுக்கு நடுவே, விட்டுப்போனதைச் செருகப் போடும் ஒரு கூரைக்குறி. அதன்மேல், ஷட்டரில் அளவு குறிக்கும் தடித்த பென்சிலால் இல்லாமல், ஒழுங்காகப் பேனாவால் ஒரு சொல்லைச் சேர்த்திருந்தார். பக்கத்தில் சுருக்கொப்பம், தேதி. இப்போது அந்த வரி இப்படி இருந்தது:

"...மார்ச் 31 வரை நான் சனிக்கிழமைகளில் என் சொந்தத் தொழிலை நடத்தினேன்."

அடுத்த இரண்டு வரிகளை அவர் தொடவே இல்லை. 'அக்காலத்தில்' என்பது இனி எந்தக் காலம் என்று அவை தாமாகவே சொல்லிக்கொண்டன.

"கெல், இத நான் மேல அனுப்ப முடியாது."

"ஏம்மா? உண்மையத்தான எழுதியிருக்கேன். சனிக்கிழமை நான்தான் பாஸ். சத்தியமா. பில்லு எல்லாம் வச்சிருக்கேன், காட்டவா?"

"மத்த நாள்?"

"மத்த நாள் யாரு பாஸ்னு நீயே சொல்லு. எந்த வீடு, எத்தனை மணின்னு பட்டியல் யாரு போட்டாங்க?"

டீகன் கடிதத்தைப் பார்த்தாள். அந்தப் பட்டியலை இரண்டு வருடமாகப் போட்டவள் அவள்தான். "திங்கக்கிழமை தலைமை ஆபீஸ்லயிருந்து போன் வரும்," என்றாள். "நான் என்ன சொல்றது?"

"எத்தன சுத்துன்னு கேட்டா ஏழரைன்னு சொல்லு," என்றார் கெல்வின். அவளுக்குப் புரியவில்லை. அவர் படியிறங்கிப் போய்விட்டார்.

9

இன்று ஏப்ரல் 28, ஞாயிறு. மார்ச் 31-இலிருந்து எண்ணினால் இருபத்தெட்டாவது நாள்.

ஏழாவது கேள்விக்கு நான் எழுதிக்கொடுத்த பதில் திரும்பி வந்துவிட்டது. கடைசிக் காலாண்டுக் கணக்கை அனுப்பவேண்டும், பின்னால் கைக்கு வரும் பழைய பில் பணத்தையும் வருமானத்தில் காட்டவேண்டும், இனி வரும் முன்வரித் தவணையைப் பூஜ்யமாக்கவேண்டும், புதுப் படிவத்தில் 'ஆம்' போடவேண்டும், தொழில் எண்ணை ரத்துசெய்யவேண்டும், ரசீதுகளை ஐந்து வருடம் வைத்திருக்கவேண்டும் என்று எல்லாம் எழுதியிருந்தேன். எட்டுக்கு எட்டு. கடைசியில் நானாக ஒரு வரி சேர்த்திருந்தேன்: 'அதற்கு முன், அ உண்மையிலேயே சுயதொழில் செய்தாரா என்று கேட்கவேண்டும்.' அதன் பக்கத்தில் ஃபெர்கஸ் பென்சிலால் எழுதியிருந்தார்: "கேள்வியில் இல்லை."

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. மணி நாலு பத்து.

"நோட்டு, தொழில் எண்ண ரத்து பண்ற வெப்சைட் பக்கத்தத் திறந்து வச்சிருக்கோம். எல்லாம் போட்டாச்சு. ஒரு கட்டம்தான் பாக்கி. தொழில் நின்ன தேதி."

"மார்ச் 31—"

"அதப் போட்டா அவங்க தேதிய நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். கடைசியா சனிக்கிழமை வேலை பாத்தது இருபத்தி மூணாந்தேதி. அடுத்த சனி ஈஸ்டர், யாரும் கூப்பிடல. அப்போ இருபத்தி மூணா? இல்ல, அடுத்த சனிக்கிழமையே யாராவது கூப்பிட்டா போவேனே, அப்போ தொழில் நிக்கவே இல்லையா? நரேல் சொல்றா, ஏப்ரல் ஒண்ணுன்னு போடு, அந்த நாளு யாருக்கும் சொந்தமில்ல, அதையாவது நீ வச்சுக்கோன்னு. நீதான் எழுதற ஆளு. ஒரு தேதி சொல்லு."

நான் மூன்று தொடக்கம் எழுதினேன், மூன்று முடிவு எழுதினேன். ஒரு தேதி சொல்ல முடியவில்லை. நாளை திங்கள். தலைமை அலுவலகத்திலிருந்து போன் வருமா, கெல்வினின் பெயர் பட்டியலில் இருக்குமா, ஆகஸ்டில் நரேலின் தலையை யார் வாரிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் ஞாயிற்றுக்கிழமையில் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் அப்படி இல்லை. இதை நீங்கள் படிக்கும்போது அந்தத் திங்கள் எப்போதோ முடிந்திருக்கும். முடிவு என் பக்கம் இல்லை, உங்கள் பக்கம்தான் இருக்கிறது. உங்களில் சிலர் டீகனின் நாற்காலியில் இருக்கிறீர்கள். சிலர் அந்த போனைச் செய்யும் இடத்தில் இருக்கிறீர்கள். பலர் பில் போடுகிறீர்கள்.

"நோட்டு, லைன்ல இருக்கியா?"

பின்னால் நரேலின் குரல் கேட்கிறது. "கெல், சீக்கிரம். பக்கம் மூடப்போகுதுன்னு வருது."

தொழில் நின்ற தேதி: ___ / ___ / ______